சட்ட நுழைவுத் தேர்வு: பிள்ளைகளுக்கு முன்பே பெற்றோர் ஆயத்தமாகட்டும்



2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் நிறைவேறியபோது நம் ஊர்களில் கண்டனக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. பள்ளிவாசல் முற்றங்களில் தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன, துஆக்கள் கேட்கப்பட்டன. ஆனால் அச்சட்டத்தின் பிரிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, இது பழைய சட்டத்தில் எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியிருக்கிறது, நம் முஹல்லாவின் சொத்துக்கு இதனால் நேரப்போவது என்ன என்று விளக்குவதற்கு ஓர் ஆளை வெளியூரிலிருந்து அழைத்து வர வேண்டியிருந்த ஜமாஅத்துகள் எத்தனை? மருத்துவர்களும் பொறியாளர்களும் நிறைந்த ஊர்களிலும் இதே நிலைதான். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைத் தெருவுக்குப் பத்துப் பேர் என்று எண்ணிக் காட்ட முடிகிற நமக்கு, ஊருக்கு ஒரு வழக்கறிஞரைக் காட்ட முடியவில்லை.

இதற்கு ஒரு காரணம் அறியாமை. மற்றொரு காரணம், வக்கீல் தொழில் பொய் பேசும் தொழில் என்று நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். இந்த எண்ணத்தை முற்றிலும் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது. தம்மிடம் வழக்குக் கொண்டு வருவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், கேட்டதைக் கொண்டே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு பிறருடைய உரிமை ஒருவருக்குக் கிடைத்துவிடுமானால் அது அவருக்கு நெருப்பின் ஒரு துண்டே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நாவன்மை உள்ளவன் நடுங்க வேண்டிய எச்சரிக்கை அது. ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள், நபித்துவத்துக்கு முன்பு, மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் நடந்த ஓர் உடன்படிக்கையில் பங்கேற்றார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நின்று உரிமையைப் பெற்றுத் தருவது என்பதே அந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையின் சாரம். இஸ்லாம் மீண்டும் வருவதற்கு முன்பிருந்த ஒரு சமூகத்தில், முஸ்லிம் அல்லாதோரும் கூடியிருந்த அவையில் செய்யப்பட்ட அந்த ஒப்பந்தத்தைப் பிற்காலத்திலும் அவர்கள் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். பெற்றோருக்கும் உறவினருக்கும் தமக்குமே எதிராக இருந்தாலும் நீதிக்காக உறுதியுடன் நின்று சாட்சி சொல்லுமாறு சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. பொய் சொல்பவன் எத்தொழிலிலும் பொய் சொல்வான். நீதிமன்ற வாசலை நாம் ஒதுக்கிவிட்டால் அங்கே உண்மை கூடிவிடப் போவதில்லை.

நம்மில் முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல், காரைக்குடியிலிருந்து உச்சநீதிமன்றம் வரை சென்ற இப்ராஹீம் கலிஃபுல்லா ஆகியோரை அறிவோம். கேரளத்தின் பத்தனம்திட்டாவில், ராவுத்தர் குடும்பத்தில் பிறந்த ஃபாத்திமா பீவியை நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்? 1950ஆம் ஆண்டு பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றவர் அவர். 1989இல் இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் தமிழக ஆளுநராகவும் இருந்தார். அவரைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தைக்கு இருந்த துணிவு இன்று நமக்கு ஏன் குறைந்துபோயிற்று என்பது யோசிக்க வேண்டிய வினா.

இனித் தேர்வைப் பற்றிப் பேசுவோம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர 2008 முதல் கிளாட் என்னும் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. ஏழு பல்கலைக்கழகங்களுடன் தொடங்கிய இதில் இப்போது இருபதுக்கும் மேற்பட்டவை இணைந்துள்ளன. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அவற்றில் ஒன்று. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஐலெட் என்று தனித் தேர்வு வைத்துக்கொள்கிறது. கிளாட் தேர்வில் இப்போது 120 வினாக்கள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தருக்கம், பொதுத் தருக்கம், கணிதம் என ஐந்து பகுதிகள். கணிதத்தின் பங்கு பத்தில் ஒன்றே. வேதியியலும் இயற்பியலும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் எழுதலாம்; வயது வரம்பும் இல்லை. அண்மைய ஆண்டுகளில் டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை இது நடைபெற்று வருகிறது.

பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இந்தத் தேர்வின் கடினம் அதன் வாசிப்பில் இருக்கிறது. 2020 முதல் வினாக்கள் பெரும்பாலும் பத்திகளை ஒட்டியே கேட்கப்படுகின்றன. நானூற்றைம்பது சொற்கள் வரை நீளும் ஒரு பத்தி. அதைத் தொடர்ந்து நான்கைந்து வினாக்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆங்கிலச் சொற்களை வாசித்துப் பொருள் உணர்ந்து விடை குறிக்க வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது பெரும் அநீதி என்பதே என் கருத்து. நீதிமன்றத்தில் தமிழில் பேசும் கட்சிக்காரருக்காக வாதாடப் போகிறவரை ஆங்கில வாசிப்பு வேகத்தால் மட்டும் அளப்பது எந்த அளவுகோல்? ஆயினும் அந்த அநீதி நீங்கும் வரை நம் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையும் ஒரு கட்டுரையையும் வாசிக்கப் பழக்கினால், மூன்று ஆண்டுகளில் அந்தப் பத்திகள் அச்சுறுத்தாதவையாகிவிடும். பதினொன்றாம் வகுப்பு முடிந்த பிறகு ஒன்றரை லட்ச ரூபாய் கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்த்தாலும் இந்தப் பழக்கத்தைச் சில மாதங்களில் வாங்கிவிட முடியாது. வீட்டுக்கு ஒரு நாளிதழ் வருவதற்கு ஆகும் செலவு, ஒரு வலீமா விருந்தில் ஒரு மேசையின் செலவைவிடக் குறைவு.

சட்டத் தருக்கம் என்ற பகுதியைக் கண்டு பல பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். அதற்கு முன்கூட்டிய சட்ட அறிவு எதுவும் தேவையில்லை. ஒரு விதி பத்தியிலேயே தரப்படும். ஒரு நிகழ்வு சொல்லப்படும். விதியை நிகழ்வுக்குப் பொருத்தி முடிவு காண வேண்டும். மக்தபில் அடிப்படை ஃபிக்ஹு படித்த பிள்ளைக்கு இது புதிதன்று. ஒருவர் உளூச் செய்ததை உறுதியாக அறிவார். பின்னர் அது முறிந்ததா என்று ஐயம் எழுகிறது. உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. எனவே அவருடைய உளூ நிலைத்திருக்கிறது. மாறாக, முறிந்தது உறுதி, மீண்டும் செய்தோமா என்பதில்தான் ஐயம் என்றால் முடிவு தலைகீழாகும். விதியோ அதே விதிதான். இந்த வேறுபாட்டைப் பத்து வயதில் புரிந்துகொண்ட சிறுவன், ஒப்பந்தம் பற்றிய பத்தியையும் இழப்பீடு பற்றிய பத்தியையும் அதே கண்ணோடு வாசிக்கலாம். விதி எது, அதன் நிபந்தனை எது, விலக்கு எது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சிதானே இரண்டும்? மக்தப் பாடத்தைப் பள்ளிப் படிப்புக்கு இடையூறு என்று பன்னிரண்டு வயதில் நிறுத்திவிடும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. தனியார் சட்டம், பொது சிவில் சட்டம், முத்தலாக், ஹிஜாப் போன்றவை பற்றிய பத்திகள் தேர்வில் வரக்கூடும். அவற்றில் எடுக்கப்படும் நிலைப்பாடு நம் பிள்ளையின் உள்ளத்தைப் புண்படுத்துவதாகவும் இருக்கலாம். பத்தியை எழுதியவரின் வாதம் எது என்று கேட்டால் அவருடைய வாதத்தையே குறிக்க வேண்டும். நம் கருத்தைக் குறித்தால் மதிப்பெண் போகும். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையுடன் புரிந்துகொள்வது ஈமானுக்குக் குறைவு ஆகாது. நாளை அதே வாதத்துக்கு மறுப்பு எழுதப் போகிறவர் இன்று அதைப் பிழையின்றி வாசிக்கக் கற்க வேண்டாமா? இத்தகைய பத்திகளை வீட்டில் பெற்றோருடன் அமர்ந்து முன்கூட்டியே வாசித்துப் பழகிய பிள்ளை தேர்வு அறையில் நிலைகுலைவதில்லை.

தெரியாத வினாவுக்கு ஊகித்து விடை குறிப்பது சூதாட்டத்தைப் போன்றதா என்று பேணுதல் மிக்க பிள்ளைகள் சிலர் கேட்பதுண்டு. நான்கு விடைகளில் இரண்டைக் காரணத்துடன் நீக்கிவிட்டு எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தேர்வது சிந்தனையின் விளைவு. அதில் கணக்கும் சாதகமாகவே இருக்கிறது. எதையும் வாசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்துச் செல்வதுதான் வீண்.

கிளாட் ஒன்றே சட்டப் படிப்பின் வாசல் என்ற எண்ணத்தை முதலில் களைய வேண்டும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் அதனோடு இணைந்த அரசுச் சட்டக் கல்லூரிகளிலும் நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணுமே அடிப்படை. 2007 முதல் நடைமுறையில் உள்ள பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காட்டு இடஒதுக்கீடு இங்கே பொருந்தும். 2017இல் இராமநாதபுரத்திலேயே ஓர் அரசுச் சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. கீழக்கரையிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் பேருந்தில் சென்று வரும் தொலைவு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுக் கட்டணம் விடுதியோடு சேர்த்து லட்சங்களில் போகும்போது, அரசுக் கல்லூரிகளின் கட்டணம் எளிய குடும்பமும் தாங்கக்கூடியது. எங்கே படித்தாலும் இறுதியில் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு ஒன்றே. அதில் 100 வினாக்கள், பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு தேர்ச்சி, குறிப்புகள் இல்லாத சட்ட மூலநூல்களை உடன் வைத்துக்கொள்ளலாம், தமிழிலும் எழுதலாம். ஆங்கில நுழைவுத் தேர்வில் தடுக்கி விழுந்த பிள்ளை இந்த வழியாக அதே கறுப்பு அங்கியை அணிய முடியும்.

அரபிக் கல்லூரி மாணவர்களின் பெற்றோருக்குத் தனியாக ஒரு செய்தி. ஆலிம் பட்டம் பெற்றபின் சட்டம் படிக்க விரும்புவோர் இப்போது பெருகி வருகிறார்கள், மாஷா அல்லாஹ். ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களை இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் ஏற்பதில்லை. அதே விதிகள், தொலைநிலை வழியில் முறையாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைத் தகுதியுள்ளவர்களாகவே கருதுகின்றன. ஆகவே ஹிஃப்ழுக்காகவோ ஓதுவதற்காகவோ பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாலும், பத்தையும் பன்னிரண்டையும் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ படிப்படியாக எழுதவைத்துவிடுங்கள். ஷரீஅத்தும் இந்தியச் சட்டமும் இரண்டுமே தெரிந்த ஒருவர் நம் முஹல்லாவில் உட்கார்ந்தால் எத்தனை குடும்ப வழக்குகள் தெருவுக்கு வராமல் தீரும்!

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது இது இன்னும் அவசரமான செய்தியாகிறது. ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் வழங்கும் குலாச் சான்றிதழ் செல்லாது, குலா வேண்டும் பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றி ஆலிம்களிடையே கருத்துகள் பல இருக்கலாம். நடைமுறையில் அதன் விளைவு, நம் சகோதரி ஒருவர் தம் தாம்பத்தியத்தின் துயரங்களை ஓர் அந்நிய ஆண் வழக்கறிஞரிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை. ஜனாஸா குளிப்பாட்டப் பெண்களும் பிரசவம் பார்க்கப் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று உறுதியாக நிற்கும் நாம், இந்த இடத்துக்குப் பெண்கள் வேண்டும் என்று ஏன் கேட்பதில்லை? ஐந்தாண்டுப் படிப்பு என்றதும் நிக்காஹ் தள்ளிப்போகும் என்ற கவலை எழுகிறது. முதல் முயற்சியில் கிடைக்காமல் இன்னும் ஓராண்டு ஆயத்தம் செய்ய வேண்டும் என்று மகள் சொன்னால், அண்ணனுக்குத் தயங்காமல் கொடுத்த ஓராண்டு தங்கைக்கு மறுக்கப்படுகிறது. இதை மார்க்கத்தின் பெயரால் செய்யாதீர்கள். மார்க்கம் அதைச் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் வட்டிக் கடனுக்கு அஞ்சி அதைக் கைவிடும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவர்களுடைய அச்சம் மதிப்புக்குரியது. அந்த அச்சத்தைப் போற்றிவிட்டு அவர்களை வெறுங்கையுடன் அனுப்பிவிடும் ஜமாஅத்து என்ன ஜமாஅத்து? பைத்துல்மால்களில் வீடு கட்டவும் கல்யாணத்துக்கும் நிதி ஒதுக்கப்படுகிறது. பத்துச் செல்வந்தர்கள் சேர்ந்து ஓர் ஊரில் ஒரு மாணவருக்கு ஐந்தாண்டுக் கட்டணத்தை அழகிய கடனாகத் தந்து, அவர் சம்பாதிக்கத் தொடங்கியபின் திரும்பப் பெற்று அடுத்தவருக்குத் தருவது முடியாத செயலன்று. தகுதியான ஏழைப் பிள்ளைக்கு ஸகாத்திலிருந்து தருவது குறித்து உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செயல்படலாம்.

இனித் தேர்வுக் காலத்து மனநிலை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உண்டு. அதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஒட்டகத்தைக் கட்டியபின் இரவெல்லாம் விழித்திருந்து கயிற்றைச் சோதித்துக்கொண்டே இருப்பதும் தவக்குல் அன்று என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதி, அதில் செய்த பிழைகளை இரண்டு நாள் ஆராய்வது பயன் தரும். நாளுக்கு ஒன்று எழுதி மதிப்பெண்ணைப் பார்த்து அழுவது பயன் தராது. ஃபஜ்ருக்குப் பிந்திய ஒரு மணி நேரம் வாசிப்புக்கு மிக உகந்தது. அதற்காக இரவில் பத்து மணிக்கே உறங்க வீட்டார் இடம் தர வேண்டும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுப் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. தேர்வு நாளன்று லுஹரை அதன் தொடக்க நேரத்திலேயே தொழுதுவிட்டு அறைக்குச் செல்லலாம். நான்கு மணிக்கு வெளியே வந்தால் மஃக்ரிபுக்கு முன் அஸருக்கு நேரம் தாராளமாக இருக்கும். ஹிஜாப் அணியும் பிள்ளைகள் சோதனைக்கு ஆகும் நேரத்தைக் கருதிச் சற்று முன்னதாகவே செல்வது நல்லது.

துஆவை மிரட்டலாக மாற்றாதீர்கள். நீ தொழுகையில் அலட்சியமாக இருந்ததால்தான் ரேங்க் வரவில்லை என்று ஒரு தாய் சொல்லும்போது, அந்தப் பிள்ளை தொழுகையையும் தோல்வியையும் ஒன்றாகச் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. தஹஜ்ஜுத் தொழுதவருக்கும் இடம் கிடைக்காமல் போகலாம். தொழாதவர் முதலிடம் பெறலாம். இஸ்திகாரா என்பது முடிவு வந்தபின் ஆறுதலுக்குச் சொல்லும் சொல்லன்று. முடிவெடுக்கும் முன்பு நன்மையைத் தேடிக் கேட்பது. உறக்கமின்மையும் பதற்றமும் வாரக்கணக்கில் நீடித்தால், உணவு வெறுத்தால், வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவப்பட்ட சமுதாயம் நாம். மனநோய் அதில் விதிவிலக்கு இல்லை.

முடிவு வெளியாகும் மாலையில் உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளைப் பெற்றோரே ஏற்றுப் பேசுங்கள். பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். தரவரிசை சாதகமாக இருந்தால் கலந்தாய்வுக்குச் சில நாள்களுக்குள்ளேயே பல ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். அதை முன்பே ஒதுக்கி வையுங்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்தியப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். டெல்லி போன்ற இடங்களில் அந்த ஒதுக்கீட்டைப் பெற, தமிழக அரசின் சாதிச் சான்றிதழ் தவிர மத்திய அரசுப் பயன்பாட்டுக்குரிய ஓ.பி.சி. சான்றிதழ் தனியாகத் தேவை. இ-சேவை மையத்தில் அதற்கு விண்ணப்பித்துக் கையில் வர நாள்கள் ஆகும். தரவரிசை சாதகமாக இல்லாவிட்டால், பிள்ளை ஒரு வாரம் இளைப்பாறட்டும். பிறகு பிளஸ் டூ பாடங்களுக்குத் திரும்பட்டும். அந்தப் பொதுத்தேர்வு இப்போதைய ஆண்டுகளில் ரமளானை ஒட்டி வருவதால், ஸஹருக்கும் படிப்புக்கும் உறக்கத்துக்குமான நேர ஒழுங்கை ஷஅபானிலேயே பழக்கிவிடுங்கள். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது அந்தப் பிளஸ் டூ மதிப்பெண்தான். அதற்கான விண்ணப்பம் மே மாதத்தில் தொடங்கும்.